அலமாரியில் ஒரு புது மாத்திரை

க்ஷயரோகம் என்றால் ஒரு காலத்தில் தாம்பரம் சானடோரியந்தான் ஞாபகத்துக்கு வரும். டாக்டர் சௌரிமுத்து 1928-ஆம் வருஷத்தில் அதை ஸ்தாபித்தார். வீட்டை விட்டு, பிள்ளைகுட்டிகளை விட்டு, மாதக்கணக்கில் நல்ல காற்றில் படுத்திருப்பதே அன்றைய வைத்தியம். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஆரம்பமான காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் இதைத் தலைகீழாக்கியது. 193 நோயாளிகளில் சிலரை விடுதியிலும் சிலரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். போஷாக்கும் ஓய்வும் குறைந்த நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய விடுதிக்காரர்களைப் போலவே குணமடைந்தார்கள்! 1959-இல் வெளியான அந்த முடிவு உலக வைத்தியத்தின் போக்கையே மாற்றிற்று.

ஆக, மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அங்கே அதற்கு முன்பே வேறு மருந்துகள் குடியிருக்கின்றனவே!

அத்திப்பட்டில் அனல் மின்நிலையத்து வேலைக்குப் போகும் குடும்பஸ்தர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். நீரிழிவுக்காக அவர் நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது காசநோயும் வந்து, ஆறு மாத சிகிச்சை தொடங்கியிருக்கிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைக் கண்டு வீட்டார் நடுங்குகிறார்கள். அது ரிபாம்பிசின் என்னும் மருந்தின் சாயம், பயம் வேண்டாம். பயப்பட வேண்டிய விஷயம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது.

பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் பொறுப்பு கல்லீரலைச் சேர்ந்தது. ரிபாம்பிசின் சேர்ந்த ஒன்றிரண்டு வாரத்தில், கூடுதல் ஆட்களை அமர்த்திய ஆலையைப் போல் கல்லீரல் மும்முரமாகிவிடும். கிளிமிபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரை வேலையை முடிக்குமுன்பே கரைந்துபோகும், சர்க்கரை ஏறும். கர்ப்பத்தடை மாத்திரையை நம்பியிருக்கும் பெண்களுக்கு அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும். சிகிச்சைக் காலத்திலும், அது முடிந்த பின் நாலு வாரமும் அவர்கள் வேறு முறையைக் கைக்கொள்ள வேண்டும். இதைச் சொல்ல டாக்டரும் கூச்சப்படுகிறார். கேட்க நோயாளியும் கூச்சப்படுகிறார். வலிப்புக்கான பெனிடாயினின் கதை இன்னும் விசித்திரம். ரிபாம்பிசின் அதைக் குறைக்கும். கூடவே கொடுக்கப்படும் ஐசோநியாசிடோ கூட்டும். இந்தக் கயிறிழுப்பில் யார் ஜயித்தார் என்பதை ரத்தப் பரிசோதனையே சொல்லும்.

இதற்காகக் காசநோய் மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரும் ஆபத்து. கிருமி மருந்துக்கு மசியாததாகிவிடும். மாற்ற வேண்டியது மற்ற மருந்தின் அளவை. ஆகவே காசநோய் டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், நாட்டு மருந்துப் பொட்டலம் உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மருந்தையும் மறக்கவேண்டாம். சேர்த்துச் சாப்பிட்டால் காசநோய் மருந்து உடலில் சேருவது குறையலாம். குடிப்பழக்கமிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். இம்மருந்துகளில் சில கல்லீரலையே வருத்தக்கூடியவை. ஓயாத வாந்தி கண்டாலும், கண் மஞ்சளித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் இந்தக் கதை மறுபடி திரும்பும். ரிபாம்பிசினை நிறுத்தி இரண்டு வாரமானால் கல்லீரல் பழைய நடைக்கு வந்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்பரின் சாப்பிடும் இருதய நோயாளிக்கு, இடையில் உயர்த்திய அளவு அப்போது மிகையாகி, ரத்தக் கசிவை உண்டாக்கும். கடைசி மாத்திரையை விழுங்கிய அந்த வாரமே அவர் இருதய டாக்டரிடம் போய் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.