பூசத்துக்குக் கட்டும் பையில் பாதத்துக்கும் இடம் வையுங்கள்



தை பிறந்துவிட்டால் சிம்பாங் அம்பாட் வட்டாரத்துத் தோட்டங்களில் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளாது. செம்பனைக் குலை வெட்டுகிறவர் வாயிலும் பூசப் பேச்சு, உதிரிப்பழம் பொறுக்குகிற அம்மா வாயிலும் அதே பேச்சு. இளவட்டங்கள் சாயங்காலமானால் உருமியைத் தூக்கிக்கொண்டு கோயில் திடலில் கூடிவிடுவார்கள். சிலர் ரயிலில் பட்டர்வொர்த் போய் பெர்ரி ஏறுவார்கள். சிலர் கோயில் குழு பேசி வைத்த பஸ்ஸில் பாலம் தாண்டிப் போவார்கள். எல்லோரும் போய்ச் சேருவது தண்ணீர்மலைக்குத்தான்.

வீடுகளில் பை கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பால்குடம், மஞ்சள் துணி, கற்பூரம், மாற்றுடை, புளிச்சோறு, பிள்ளைகளுக்கு மைலோ. சாமிக்கு வேண்டியது ஒன்றும் விட்டுப்போகாது. வயிற்றுக்கும் குறை வராது. ஆனால் நடக்கப்போகிற பாதத்துக்கு அந்தப் பையில் என்ன வைத்தோம்? இந்த மாதம் அதைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

வலிக்காத கால்

சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர். பத்து வருடமாக இனிப்பு நீர். பூசத்துக்கு முந்தின வாரம் மாத்திரை வாங்க வந்தார். விரலில் குத்தி ரத்தம் பார்த்தேன், சீனி பரவாயில்லை. "போய்ட்டு வாங்கம்மா, எனக்கும் சேர்த்து வேண்டிக்குங்க" என்று அனுப்பிவிட்டேன்.

பூசம் முடிந்து ஆறாம் நாள் காய்ச்சல் என்று வந்தார். காலைக் காட்டச் சொன்னேன். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து சீழ் கட்டியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டைச் சில்லு ஒன்று புதைந்து கிடந்தது.

"வலிக்கலையாம்மா?" என்றேன்.

"வலியே இல்லீங்க டிரெசர் ஐயா. வலிச்சிருந்தா மொத நாளே வந்திருக்க மாட்டேனா?"

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் வேலைக்குப் போகவில்லை. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் குறை என்னுடையது. ரத்தத்தைப் பார்த்த நான் காலைப் பார்க்கவில்லை.

வருடக்கணக்காக இனிப்பு நீர் இருந்தால் காலின் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப்போகும். சூடு தெரியாது, குத்தினாலும் தெரியாது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த வியாதி இருந்தது. இந்தியர்களிடையே இன்னும் அதிகம். ஆகவே பூசத்துக்குப் புறப்படும் எந்த பஸ்ஸிலும் மரத்த கால்கள் சில ஏறத்தான் செய்யும்.

பினாங்கு ரோடு எப்படிப்பட்டது?

பூசத்துக்கு முதல் நாள் பினாங் ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, கெபுன் பூங்கா சாலையில் உள்ள நகரத்தார் கோயிலுக்குப் போகும். 2017 முதல் தங்க ரதமும் உண்டு. ரதம் வரும் வழியில் தேங்காய்களைக் குவித்துவைத்து உடைப்பார்கள். வாரித் தள்ளினாலும் சில்லுகள் எங்காவது கிடக்கும். மறுநாள் காவடியும் பால்குடமும் போகும்போது வெறுங்காலோடுதான் போகிறோம். நம் வடக்குப் பகுதியில் அது மழையில்லாத வெயில் காலம். உச்சி வேளையில் தார் ரோடு கொதிக்கும். பிறகு மலைக்கு 513 படிகள்.

உருமி மேளமும் தண்ணீர்ப் பந்தல் பாட்டும் சேர்ந்தால் கால் தானாக நடக்கும். ஆட்டத்தில் இருப்பவனுக்குச் சூடு தெரியாது. இனிப்பு நீர்காரருக்கோ ஆடாமலே தெரியாது!

வீட்டிலேயே ஒரு சோதனை

புறப்படும் முந்தின வாரம் இதைச் செய்யுங்கள். இனிப்பு நீர் உள்ளவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய கால் விரல் நுனியை லேசாக, இரண்டு விநாடிக்கு மேல் போகாமல் தொடுங்கள். அழுத்தவும் கூடாது, தட்டவும் கூடாது. ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல், ஆக ஆறு இடம். தொட்டதும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அவர் பூசத்துக்கு முன்பே கிளினிக்குக்கு வரட்டும்.

அப்படிப்பட்டவர் வெறுங்காலோடு ரோட்டில் நடக்கலாகாது. பால்குடத்தை மகனோ மகளோ எடுக்கட்டும். அவர் வெயில் ஏறுமுன் அதிகாலையில், அளவான செருப்போடு மலையடிவாரம் வரை வரட்டும். படியேறும்போது தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளட்டும். நேர்த்திக்கடன் பாலுக்குத்தான், புண்ணுக்கு அல்ல.

பையில் வைக்க வேண்டியவை

இரண்டு ஜோடி பருத்திக் காலுறை, சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி, சுத்தமான துணிக்கட்டு, பிளாஸ்டர். கிளினிக் புத்தகம், அன்றைய மாத்திரை, மிட்டாய் அல்லது சீனிப் பொட்டலம். ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல், குடை அல்லது தொப்பி. இன்சுலின் போடுகிறவர் மருந்தை வெயிலில் நிற்கும் பஸ்ஸில் விட்டுப் போகக் கூடாது. ஐஸ் கட்டி மேல் நேராக வைக்கவும் கூடாது.

வியர்த்து ஓய்ந்தவருக்குக் கொடுக்க உப்பு-சீனித் தண்ணீர் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் சமமாக வழித்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இனிப்பு நீர் உள்ளவர் பந்தலில் சர்பத்துக்குப் பதில் வெறும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கலாம். கொடுப்பவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விரதமும் மாத்திரையும்

சாப்பிடாமல் கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு நடந்தால் சீனி கிடுகிடுவென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாறிய பேச்சு. பார்க்கிறவர்கள் அருள் வந்திருக்கிறது என்று நினைத்து விலகி நின்றுவிடுவதும் உண்டு! சுயநினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதலுதவிக் கூடாரத்துக்கு ஆள் அனுப்புங்கள், அல்லது 999-க்கு அழையுங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். விரதம் தொடங்குமுன் வந்து கேளுங்கள், அளவை எப்படி மாற்றுவது என்று டாக்டர் சொல்லுவார்.

உடம்பு நெருப்பாகக் கொதித்து ஒருவர் பிதற்றினால் அது வெயில் தாக்கு, உயிரைக் குடிக்கும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-க்கு அழையுங்கள்.

திரும்பி வந்த இரவு

எவ்வளவு அசதியாக இருந்தாலும் காலைக் கழுவாமல் படுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் மங்கியவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். பற்பசை, காப்பித்தூள், மஞ்சள் எதுவும் அப்பாதீர்கள். சிறு காயமானாலும் மறுநாள் காலையிலேயே கிளினிக்குக்கு வாருங்கள். வெட்டுக்காயம் என்றால் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டியிருக்கும். ஒரு வாரம் தினமும் காலைப் பாருங்கள். வலி இல்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

அந்த அம்மா இப்போதும் வருடாவருடம் பூசத்துக்குப் போகிறார். மலை ஏறுவதில்லை. அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உருமி கேட்கிறார். போகுமுன் கிளினிக்குக்கு வந்து, நான் கேட்காமலே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுகிறார்.

நீங்களும் வந்து நீட்டுங்கள், பார்த்து அனுப்புகிறேன்.