கைத்தொழில் இரசாயனப் பட்டமும் அதன் தொழிற்பயனும்: சில குறிப்புகள்

கைத்தொழில் இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகத் தெரிவுசெய்யும் மாணவருக்கு அதன் பயன் யாது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் கிடைக்கின்றன. பல்கலைக்கழகக் கைந்நூல்கள் தரும் விடை ஒன்று: மூலப்பொருளை மனித வாழ்வுக்கு வேண்டிய பண்டமாக மாற்றும் முறைகளை அறிந்து, அவற்றை இயக்கவும் திருத்தவும் வல்ல விஞ்ஞானிகளை உருவாக்குதல். மற்றைய விடை எந்த நூலிலும் எழுதப்படுவதில்லை. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின் அப்பட்டதாரி எங்கே அமர்ந்து என்ன செய்கின்றார் என்பதிலிருந்து நாமே வருவித்துக்கொள்வது அது. இவ்விரு விடைகளும் நம் நாட்டிற் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஏன் ஒத்துப்போவதில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் நோக்கவிருப்பது. இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள நாம் இவ்விடயத்திற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் ஒரு கல்விநெறி எந்தச் சமுதாயத் தேவையிலிருந்து பிறந்தது, யாருக்குப் பயன்படுகின்றது என்னும் வினாக்கள் இரசாயனவியலாளருக்கு மாத்திரம் உரியனவல்ல.

தூய இரசாயனத்துக்கும் கைத்தொழில் இரசாயனத்துக்குமிடையே உள்ள வேறுபாட்டை உப்பைக் கொண்டே விளக்கலாம். உப்புக் கரைசலினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தினால் எரிசோடாவும் குளோரீனும் ஐதரசனும் கிடைக்கும் என்பது உயர்தர வகுப்பு மாணவரும் அறிந்தது. சமன்பாட்டை எழுதி முடித்ததும் பரீட்சை வினா முடிந்துவிடுகின்றது. ஆலையின் பிரச்சினையோ அங்கேதான் தொடங்குகின்றது. 58.5 தொன் உப்பு முற்றாகத் தாக்கமுற்றால் 40 தொன் எரிசோடாவுடன் 35.5 தொன் குளோரீனும் 1 தொன் ஐதரசனும் வந்தே தீரும். சவர்க்காரத்துக்கு எரிசோடா வேண்டும் என்பவர் தமக்குக் குளோரீன் வேண்டாம் எனக் கூற முடியாது. குளோரீனை விற்கவோ வேறொன்றாக மாற்றவோ வழியில்லையெனில், நச்சுவாயுவைச் சேமிக்க இடமின்றி எரிசோடா உற்பத்தியையே நிறுத்த நேரிடும். அன்றியும் ஒரு தொன் குளோரீனைப் பெற 2,000 கிலோவாற்று மணித்தியாலத்துக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டும். ஆகவே உப்பு எங்கே விளைகின்றது, மின்சாரத்தின் விலை என்ன, குளோரீனை வாங்குவோர் யாவர், உடன்விளைவான ஐதரசனை என்ன செய்வது என்பனவெல்லாம் கைத்தொழில் இரசாயனத்தின் உள்விடயங்களாகின்றன. திணிவுச் சமநிலை, வெப்பச் சமநிலை, காய்ச்சி வடித்தல், வடித்தல், உலர்த்தல், செலவுக் கணிப்பு முதலானவை இக்கற்கைநெறியில் இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே. சுருங்கக் கூறின், சோதனைக் குழாய்க்கு அப்பால் ஒரு பொருளாதாரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் இரசாயனம் இது.

கார்ல் மார்க்ஸ் இதனை நன்குணர்ந்திருந்தார். மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் உற்பத்திக் கழிவுகளின் பயன்பாட்டைப் பற்றி எழுதுமிடத்து, கழிவு எவ்வாறு மீண்டும் மூலப்பொருளாகின்றது என்பதற்கு அவர் இரசாயனக் கைத்தொழிலையே தலைசிறந்த சான்றாகக் காட்டுகின்றார். நிலக்கரித் தாரிலிருந்து சாயங்கள் பெறப்பட்டமையும் அங்கு குறிப்பிடப்படுகின்றது. அவருடைய நெருங்கிய நண்பர்களுள் ஒருவரான கார்ல் ஷோர்லெமர் மான்செஸ்டரிற் சேதன இரசாயனப் பேராசிரியராக விளங்கியவர் என்பதும், அவர் ஒரு கம்யூனிஸ்டு என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன.

இக்கல்விநெறியின் பிறப்பை ஜேர்மனியிற் காணலாம். 1824 முதல் கீசன் பல்கலைக்கழகத்தில் லீபிக் மாணவர்களை ஆய்வுகூடத்தில் நிறுத்திப் பயிற்றினார். அவருடைய மாணவரான ஹொப்மன் 1845இல் இலண்டனிற் புதிதாக நிறுவப்பட்ட இரசாயனக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். அங்கு அவரிடம் பயின்ற பேர்க்கின் 1856இல், தமது பதினெட்டாவது வயதில், கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்று ஊதாச் சாயமொன்றைக் கண்டடைந்தார். கொயினா ஏன் தேடப்பட்டது? வெப்பமண்டலக் குடியேற்ற நாடுகளிற் பணியாற்றிய பிரித்தானியப் படையினரையும் அதிகாரிகளையும் மலேரியாவிலிருந்து காக்க அது இன்றியமையாததாயிருந்தது. தற்செயலான கண்டுபிடிப்பு என்று பாடநூல்கள் கூறும் நிகழ்வின் பின்னணியிலும் ஏகாதிபத்தியத்தின் தேவையொன்று நின்றது. எனினும் அக்கண்டுபிடிப்பின் பெரும்பயனைப் பெற்றது இங்கிலாந்து அன்று. 1865இல் தோன்றிய பாடன் அனிலின் சோடா நிறுவனம் முதலான ஜேர்மன் நிறுவனங்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தித் தம் ஆலைகளுக்குள்ளேயே ஆய்வுகூடங்களை அமைத்தன. பட்டமும் தொழிலும் அங்கே ஒன்றையொன்று ஈன்றன எனலாம். பையர் 1880இல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய நீலச் சாயம் 1897இல் சந்தைக்கு வந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் விஞ்ஞானத்தைப் பண்டமாக மாற்றுவதற்குத் தேவைப்பட்ட உழைப்பின் அளவைக் காட்டுவன. அந்நீலம் வந்ததும் இந்திய அவுரிச் செய்கை சரிந்தது. 1859-60இல் வங்க உழவர் கிளர்ந்தெழுந்ததும், தீனபந்து மித்திரரின் 'நீல தர்ப்பணம்' நாடகம் எழுந்ததும் அச்செய்கையின் கொடுமையை எதிர்த்தேயாகும். கொடுமை நிறைந்த தொழிலொன்றை ஒழித்தது உழவரின் விடுதலை மட்டுமன்று, தொலைவிலுள்ள ஓர் ஆலையின் இலாபமுமாகும். முதலாளித்துவத்தின் கீழ் விஞ்ஞானம் இவ்வாறு இருமுகங் கொண்டே இயங்குகின்றது.

நமக்கு இன்னும் அணித்தான சான்றொன்றும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் அகழ்வது அரசின் ஏகபோகமாயிருந்தது. அதனை அகழும் கடமை சமூகத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்டிருந்த வேர்குத்துவோர்மீது சுமத்தப்பட்டிருந்தது. அவ்வேரின் செந்நிறத்துக்குக் காரணமான அலிசரின் என்னும் சேர்வையையே 1868-69இல் கிரேபேயும் லீபர்மனும் நிலக்கரித் தாரிலிருந்து ஆக்கினர். எங்கெல்சு தமது பியூவர்பாக் பற்றிய நூலில், பொருள்களை மனிதர் அறியவியலும் என்பதற்குச் சான்றாக எடுத்தாண்டதும் இதே அலிசரினையே. வேர்குத்தியவரின் வரலாறும் மெய்யியல் விவாதமும் ஒரே மூலக்கூறிற் சந்திப்பதை நம் சமூக வரலாற்றாசிரியர்கள் போதியளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

குடியேற்ற ஆட்சியின்கீழ் இலங்கையில் இரசாயனவியலாளருக்கு வகுக்கப்பட்ட இடம் முற்றிலும் வேறானது. இறப்பர் ஆராய்ச்சி 1910 அளவிலும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் 1925இலும் தொடங்கின. மண்ணைச் சோதித்தல், உரத்தைச் சோதித்தல், பாலின் செறிவையும் இலையின் ஈரத்தையும் சோதித்தல் என்பன அங்கு முதன்மை பெற்றன. அவ்வாய்வுகளின் தரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஏற்றுமதிப் பயிரின் தரத்தைக் காப்பவரே இரசாயனவியலாளர் என்னும் கருத்து அப்போதே வேரூன்றிவிட்டது. ஆக்குதல் மேலைநாட்டில் நிகழும். சோதித்தலே இங்கு நிகழும். பிற்காலப் பட்டதாரியின் விதியை இந்தத் தொழிற்பிரிவினையிலேயே தேடல் வேண்டும்.

சுதந்திரத்தின் பின் இந்நிலையை மாற்றச் சில முயற்சிகள் நடந்தன. 1955இல் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவகம் அமைக்கப்பட்டது. காங்கேசன்துறையில் 1950 முதல் சீமெந்து உற்பத்தி நடந்தது. பரந்தனில் ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் ஆக்கும் ஆலை 1950களில் உருவாயிற்று. மேலே நாம் கூறிய சமன்பாடு வன்னி மண்ணில் உயிர்பெற்ற இடம் அது. உப்பளம் அருகிலிருந்தது, எரிசோடாவுக்குச் சவர்க்காரத் தொழிலும், குளோரீனுக்கு நகரங்களின் குடிநீர் விநியோகமும் இருந்தன. இரசாயனப் பட்டதாரியொருவர் தம் சொந்த நாட்டு மூலப்பொருளை வைத்துத் தம் சொந்த மக்களின் தேவைக்கு ஆக்கும் வாய்ப்பைப் பெற்றார். அத்தகைய கூட்டுத்தாபனங்களில் நிர்வாகச் சீர்கேடும் அரசியற் சிபாரிசும் இருந்தமையை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் இறக்குமதியே மலிவு என்னும் வாதம் வலுப்பெற்றது. பரந்தன் ஆலை 1980களின் நடுப்பகுதியிலும், காங்கேசன்துறை ஆலை 1990இலும் போரினால் நின்றன. அதன்பின் வடக்கிற்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் சீமெந்தும் உரமும் இடம்பெற்றன. சீமெந்து ஆக்கிய மண்ணுக்கே சீமெந்து மறுக்கப்பட்டது. பரந்தனின் பெயரைத் தாங்கிய அரச நிறுவனம் பின்னர் குளோரீனை இறக்குமதி செய்து விநியோகிக்கும் நிறுவனமாயிற்று.

புல்மோட்டைக் கரையின் இல்மனைற்று மணலும் இக்கதையையே வேறு வடிவிற் கூறுகின்றது. அம்மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. அத்தகைய மணலிலிருந்து பெறப்படும் தைத்தேனியமீரொட்சைட்டு என்னும் வெண்ணிறப்பொருளை நம் வண்ணப்பூச்சுத் தொழிலகங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்குகின்றன. இதனை இங்கேயே ஆக்கினால் என்ன என்று மேடைகளிற் கேட்போர் உளர். சல்பேற்று முறையில் ஆக்குவதாயின் பெருமளவு சல்பூரிக்கமிலம் வேண்டும். பெரசுச் சல்பேற்றும் ஐதான அமிலமும் கழிவாக மிஞ்சும். அமில ஆலையும் கழிவைப் பயன்படுத்தும் வேறோர் ஆலையும் அருகில் இல்லாவிடின் கடலே குப்பைத்தொட்டியாகும். ஓர் ஆலை தனித்து நிற்பதில்லை. ஆலைகளின் வலைப்பின்னலே கைத்தொழில். எப்பாவலைப் பொசுபேற்றுக்கும் இது பொருந்தும். 1971இல் கண்டறியப்பட்ட அப்படிவு நீரில் எளிதிற் கரையாதது. தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு உதவுமேயன்றி, நெல்லுக்கு உதவ அமிலத்துடன் தாக்கமுறச்செய்து மாற்றப்படல் வேண்டும். அதனைப் பன்னாட்டு நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கவிருந்த திட்டத்தை 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தடுத்தது. அவ்வூர் விவசாயிகளின் வழக்கே அதற்குக் காரணமென்பது பெருமைக்குரியது. ஆனால் வளத்தைக் காத்த நாடு அதனை நெல்லுக்கு உரமாக்கும் ஆற்றலை வளர்த்துக்கொள்ளவில்லை. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தபோது வயல்களில் நேர்ந்தது யாவரும் அறிந்ததே.

இந்நிலையிற் பட்டதாரிகள் எங்கே செல்கின்றனர்? இறப்பர்ப் பொருள் ஆக்கத்திலும், சிரட்டைக்கரியை ஏவற்கரியாக்கும் ஆலைகளிலும் சிலர் உண்மையாகவே ஆக்கற் பணியில் ஈடுபடுகின்றனர். இறப்பருடன் கந்தகத்தையும் ஏனைய சேர்பொருள்களையும் எவ்வளவில், எவ்வெப்பநிலையிற் சேர்ப்பது என்பது நுண்ணிய அறிவை வேண்டுவது. இவற்றை நாம் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஆயின் இவர்களுக்கு வெளியே உள்ளோரிற் பலர் தரக்கட்டுப்பாட்டு அறைகளில் இறக்குமதிச் சரக்கின் சான்றிதழை ஒப்பிடுபவராகவும், மருந்து, சாயம் ஆகியவற்றின் விற்பனைப் பிரதிநிதிகளாகவும், பாடசாலை ஆசிரியர்களாகவும், தனியார் கல்வி நிலையங்களில் அடுத்த தலைமுறையை அதே பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்பவராகவும் காணப்படுகின்றனர். எம்முடன் பேராதனையிற் பயின்ற இரசாயன மாணவர் சிலரை நினைக்கும்போது இப்பட்டியலைத் துயரமின்றி எழுத இயலவில்லை. ஆசிரியத் தொழில் தாழ்ந்ததென்பது எமது கருத்தன்று. காய்ச்சி வடித்தற் கம்பத்தின் தட்டுகளைக் கணிக்கக் கற்றவர் அதனைக் கரும்பலகையில் மாத்திரம் வரைந்து ஓய்வுபெறுவதே வருத்தத்துக்குரியது.

சோதிப்பவர் என்னும் பதவியையும் நாம் எளிதாகக் கருதிவிடலாகாது. சோதனையின் முடிவு யாருக்குச் சொந்தம் என்பதே அங்கு எழும் வினா. யப்பானின் மினமாட்டாவில், ஆலைக்கழிவை உண்ட பூனைக்கு அவ்வூர் மக்களை வாட்டிய நோயே கண்டதென்பதை 1959இல் அந்நிறுவனத்தின் வைத்தியசாலை மருத்துவரே பரிசோதனையிற் கண்டறிந்தார். முடிவு மறைக்கப்பட்டது, 1968வரை பாதரசக் கழிவு கடலிற் கலந்தது. நம் நாட்டிலும் 2013 ஓகத்து முதலாம் திகதி வெலிவேரியவில் தூய குடிநீர் கேட்டுத் தெருவில் இறங்கிய மக்கள்மீது இராணுவம் சுட்டதில் மூவர் இறந்தனர். கிணற்று நீரின் பீஎச் பெறுமானம் தாழ்ந்திருப்பதற்கு அயலிலுள்ள ஆலையே காரணமென்பது அவர்களின் முறைப்பாடு. முதலாண்டு மாணவர் நிறத்தாளைத் தோய்த்துக் காணும் ஓர் எண் அங்கே உயிர்ப்பிரச்சினையாயிற்று. சுன்னாகத்தில் அனல்மின் நிலையமொன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரைக் கெடுத்தமை தொடர்பான வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. அதற்கு முன் எத்தனை சோதனை அறிக்கைகள், ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு! கிணற்றடியில் எண்ணெய் மணத்தை நுகர்ந்த பெண்களுக்கு அவ்வறிக்கைகளை வாசிக்கும் வழி இருக்கவில்லை. அவை அவர்களுக்காக எழுதப்பட்டனவுமல்ல.

இங்கு மொழிப் பிரச்சினை குறுக்கிடுகின்றது. மானிப்பாயிற் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன் 1875இல் 'கெமிஸ்தம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வந்தன. இவற்றின் பயனாக நம் மாணவர் உயர்தரம்வரை இரசாயனத்தைத் தமிழிற் கற்கின்றனர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியதும் அச்சொற்கள் கைவிடப்படுகின்றன. தொழிற்பயிற்சிக்காக ஆலைக்குச் செல்லும் மாணவர், கொதிகலனின் ஒலியைக் கேட்டே அதன் அமுக்கத்தை மதிப்பிடும் முதிய தொழிலாளியிடம் தமிழிலோ சிங்களத்திலோ கற்றுக்கொண்டதை ஆங்கிலத்தில் எழுதிப் பேராசிரியருக்கும் முகாமையாளருக்கும் கையளிக்கின்றார். அறிவு கீழிருந்து மேலே செல்கின்றது; மீண்டு வருவதில்லை.

ஆகவே எமது முன்மொழிவு மிகச் சிறியது. தொழிற்பயிற்சி அறிக்கையின் இறுதியில், அவ்வாலையில் எப்பொருள் உட்செல்கின்றது, எப்பொருள் வெளிவருகின்றது, எஞ்சும் கழிவு எங்கே செல்கின்றது என்பவற்றைத் தமிழிலோ சிங்களத்திலோ இரண்டு பக்கங்களில் எழுதுவதைப் பட்டத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அதன் ஒரு பிரதி தொழிற்சங்கத்திடமும் மற்றொரு பிரதி அவ்வூர் நூலகத்திலும் இருத்தல் வேண்டும். வணிக இரகசியம் என்று நிறுவனங்கள் மறுப்புத் தெரிவிக்கும். எந்த வரியை மறுக்கின்றனர் என்பதை அறிவதும் பயனுடையதே.