கண்ணாடியைக் கழற்றும் முன்...



பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கியதும், அதுவரை யாருக்கும் இடைஞ்சலாயிராத மூக்குக்கண்ணாடி பெரிய குறையாகிவிடுகிறது. "லேசர் செய்தால் சரி" என்று யாரோ சொல்ல, பெற்றோர் காசு சேர்க்கத் தொடங்குகின்றனர். சிகிச்சை நல்லதுதான். ஆனால் எல்லாக் கண்களுக்கும் அது ஒரே பலனைத் தருவதில்லை.

தூரத்திலுள்ளவை மங்கலாகத் தெரிவது குறும்பார்வை. நீள்பார்வை வேறு. கண்கோளம் குட்டையாகவோ முன்புறப் படலம் தட்டையாகவோ இருப்பதால், ஒளி விழித்திரைக்குப் பின்னால் குவிகிறது. குர்ஆனின் எழுத்தும் ஊசியின் காதும் சிரமம் தரும். படலத்தின் வளைவு எல்லாப் பக்கமும் சீராக இல்லாவிட்டால் உருவங்கள் இழுபட்டும் தெரியும். இதனை அஸ்டிக்மாடிசம் என்பர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற விஞ்ஞானி ரங்கசாமி ஸ்ரீநிவாசன், 1981இல் அமெரிக்காவில் சமைத்த வான்கோழித் துண்டொன்றில் எக்சைமர் லேசரைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள பகுதி கருகாமல், பட்ட இடம் மட்டும் நுட்பமாக அகன்றது. அதிலிருந்தே இச்சிகிச்சை பிறந்தது.

குறும்பார்வைக்குப் படலத்தின் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குவர். நீள்பார்வைக்கோ ஓரத்தை வளையம்போலச் செதுக்கி நடுவை மேடாக்க வேண்டும். இது கடினமான வேலை. நாளடைவில் படலத்தின் மேற்தோல் அந்த வளையப் பள்ளத்தை நிரப்பிக்கொள்ள, பழைய குறை ஓரளவு திரும்புவதுண்டு. எனவேதான் நீள்பார்வைக்காரருக்கு இரண்டாம் முறை சிகிச்சை கூடுதலாகத் தேவைப்படுகிறது. குறைந்த பவருக்குப் பலன் நன்று. பிளஸ் 4ஐத் தாண்டினால் பல நிபுணர்கள் தயங்குவர். முதல் வாரங்களில் தூரப்பார்வை மங்கலாயிருக்கலாம்; பார்வை நிலைபெற மாதங்கள் செல்லும். கண் வறட்சியும் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் சிலருக்கு ஏற்படும்.

நிபுணரிடம் இவற்றைக் கேளுங்கள்:

சொட்டுமருந்திட்டு அளந்தீர்களா? இளம் கண் தன் தசையை இறுக்கிக் குறையை மறைத்துவிடும்.

படலத்தின் தடிப்பும் வடிவமும் பார்த்தீர்களா? மெலிந்து கூம்பிய படலத்தில் இச்சிகிச்சை ஆபத்து.

அஸ்டிக்மாடிசத்தின் கோணத்தை உட்கார்ந்த நிலையில் குறித்தீர்களா? படுத்ததும் கண் சற்றுச் சுழலும்.

பவர் ஒரு வருடமாவது மாறாதிருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பொறுத்திருக்க வேண்டும். அக்காலத்தில் பவர் மாறும். நாற்பதைத் தாண்டினால் வாசிக்கும் கண்ணாடி எப்படியும் தேவைப்படலாம். சிறுவயதில் கண்ணாடி அணிவிக்காததால் மந்தமான கண்ணையும் லேசர் திருத்தாது. ஆகவே, வைத்தியர் சொன்னால் குழந்தைக்கு வெட்கப்படாமல் கண்ணாடி அணிவியுங்கள்.

சிகிச்சையின் பின் கண்ணைக் கசக்கக் கூடாது. வைத்தியர் குறிப்பிடும் நாள்வரை கண்ணுக்குள் நீர் புகவோ சுர்மா இடவோ கூடாது. வுழூவின்போது முகம் கழுவுவதற்குரிய சலுகையை ஆலிம் ஒருவரிடம் முன்னரே கேட்டறிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடி அணிந்த பெண்ணிடம் குறை காண்பவர் நாளை வேறொன்றிலும் குறை காண்பார். அவர் வாயை அடைப்பதற்காகப் பிள்ளையின் கண்ணில் கைவைக்காதீர்கள். அவளே விரும்பி, நிபுணரும் பொருத்தமென்று கூறினால் மட்டும் செய்யுங்கள். பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். அவசரம் அதற்கு ஆகாது.