நோயிலிருந்து மீள்பவருக்குப் புரதம் செரிக்குமா?

“பருப்பு கொடுத்தால் வயிறு தாங்குமா, டாக்டர்? இன்னும் கொஞ்ச நாளைக்குக் கஞ்சியே கொடுக்கட்டுமா?” காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ முடிந்து வீடு திரும்பும் நோயாளரின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நெல் விளையும் இப்பகுதியில் நோயுற்றவருக்கு அரிசிக் கஞ்சியே முதல் உணவு. ஓரிரு நாட்களுக்கு அது பொருத்தமானதே. வாரக்கணக்கில் அதுவே உணவாகும்போதுதான் தீங்கு நேர்கிறது.

கொடிய நோயிலிருந்து மீண்டவர்கள் பங்குனியில் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுக்கும் ஊர் வலங்கைமான். உயிர் பிழைத்தலின் அருமையை இவ்வூராருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிழைத்த உடல் மீண்டும் எழுந்து நடமாடத் தேவையானது எது என்பதையே இங்கு விளக்க விரும்புகிறோம்.

தசை, தோல், குருதி, நோய் எதிர்ப்பொருள்கள் ஆகிய அனைத்தும் புரதத்தால் ஆனவை. கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் புரதத்தைச் சேமிக்க உடலில் தனி இடம் இல்லை. உணவில் புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்கிறது. காய்ச்சலும் புண்ணும் உள்ளபோது இக்கரைவு இன்னும் விரைவுபடும். காய்ச்சல் தணிந்த பின்னும் எழுந்து நிற்க இயலாமை, புண் ஆறத் தாமதமாதல் ஆகியவற்றுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செரிமானம் நிகழும் விதம்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகள் கோத்த நீண்ட சங்கிலி. வாயில் அது அரைபடுகிறதேயன்றிச் செரிப்பதில்லை. இரைப்பையில் சுரக்கும் அமிலம், சுருண்டுள்ள சங்கிலியை விரிக்கிறது. பெப்சின் என்னும் நொதி அதைச் சில துண்டுகளாக வெட்டுகிறது. எனினும் இங்கு முடிவது சிறு பகுதியே. பெரும்பகுதி வேலை சிறுகுடலில் நடைபெறுகிறது. கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் முதலிய நொதிகள் சங்கிலியை மேலும் நறுக்குகின்றன. இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவருக்கும் புரதம் செரிப்பது இதனால்தான்.

முடிவில் எஞ்சுபவை தனி அமினோ அமிலங்களும், இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த சிறு துணுக்குகளும் ஆகும். குடற்சுவரின் செல்கள் இரண்டையும் உறிஞ்சுகின்றன. துணுக்குகளுள் பெரும்பாலானவை செல்லுக்குள்ளேயே தனித்தனியாகப் பிரிக்கப்படுகின்றன. பின்னர் அவை குருதி வழியாக முதலில் கல்லீரலுக்கும், அங்கிருந்து உடலெங்கும் செல்கின்றன.

இதில் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. செரிமான நீர்களிலுள்ள நொதிகளும், அன்றாடம் உதிரும் குடற்சுவரின் செல்களும் புரதமே. அவற்றையும் குடல் செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே கஞ்சி மட்டும் குடிப்பவரின் குடலும் நாள்தோறும் புரதத்தைச் செரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பருப்பு உண்டபின் வயிறு உப்புவது ஏன் என்று கேட்கலாம். அதற்குப் பெரும்பாலும் காரணம் புரதம் அன்று. பருப்பிலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளைச் சிறுகுடலால் செரிக்க இயலாது. பெருங்குடலின் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. பருப்பை ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டுக் குழைய வேகவைத்தால் இத்தொல்லை குறையும். பருப்பை வேகவைப்பது வேறொரு வகையிலும் இன்றியமையாதது: வேகாத பருப்பில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. முட்டையையும் பச்சையாகக் கொடுக்க வேண்டா; வெந்த முட்டையே நன்கு செரிக்கும்.

அரிசியும் பருப்பும்

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. ஆனால் அரிசியில் போதிய அளவுள்ள மெத்தியோனின் பருப்பில் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே நெல் வயலின் ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது டெல்டா உழவர் வழக்கம். ஒரே வயலில் விளையும் இவ்விரண்டும் இட்லியிலும் வெண்பொங்கலிலும் ஒன்றுசேர்கின்றன. நோயாளிக்கு இவை சிறந்த உணவுகள்.

எவ்வளவு தேவை?

உடல்நலமுள்ள பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவையென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். நோயிலிருந்து தேறுபவருக்கும் முதியவருக்கும் பொதுவாக இதனினும் கூடுதலாக வேண்டும். 50 கிராம் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் இருப்பதோ ஏறக்குறைய 4 கிராம். நான்கு வேளை குடித்தாலும் 16 கிராமைத் தாண்டாது.

மாறாக, நாள் முழுவதற்கும் 250 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, இரண்டு முட்டை, 400 மில்லி பால் அல்லது தயிர் எனக் கொண்டால் ஏறத்தாழ 60 கிராம் கிடைக்கும். முட்டை உண்ணாதவர் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். ஒரே வேளையில் திணிக்காமல் ஒவ்வொரு வேளையிலும் சிறிதளவு பகிர்ந்து கொடுப்பது நலம். பசி குறைந்தவருக்குக் கஞ்சியிலேயே வறுத்த பச்சைப்பயறு மாவையோ பாலையோ சேர்த்துக் காய்ச்சலாம்.

யார் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

புரதத்தின் கழிவான யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகம். ஆதலால் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர் அளவைத் தாமாகக் கூட்டலாகாது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ கூடுதல் புரதம் தேவைப்படும். கல்லீரல் நோயாளிகளும் தாமாகப் புரதத்தை நிறுத்திவிடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்குடன் மிதக்கும் மலம், தொடர்ந்து எடை குறைதல், கால் வீக்கம் ஆகியவை தென்பட்டால் காலம் தாழ்த்தாமல் எங்களிடம் வாருங்கள்.

மற்றவர்களுக்கு எங்கள் விடை ஒன்றே. கஞ்சி கொடுங்கள், ஆனால் அதனோடு பருப்பும் கொடுங்கள். வயிறு தாங்கும்.