பாறைக் கோட்டையில் சக்கர நாற்காலி

ஸ்காட்லாந்தின் எடின்பரோக் கோட்டை செங்குத்தான எரிமலைப் பாறையின்மேல் நிற்கிறது. பகைவர் எளிதில் ஏறலாகாதென்று தேர்ந்த இடம், இன்று கால் வழங்காத பயணியையும் வாசலிலேயே தடுக்கிறது. சரிவோ கடிது, பாவிய கற்களோ சக்கர நாற்காலியைக் குலுக்கியெடுக்கும். எனினும் இயலாதோரை மேலே ஏற்றிச் செல்ல நிர்வாகத்தார் தனி ஊர்தி வைத்துள்ளனர்; துணை வருபவருக்குக் கட்டணமில்லை. இதனை நாம் சலுகை என்னோம், உரிமை என்போம்.

உச்சியில் புனித மார்கரெட் சிற்றாலயம் உள்ளது. 1093-இல் இக்கோட்டையில் உயிர்நீத்த அரசியின் நினைவாக, மகன் முதலாம் தாவீது 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. எடின்பரோவில் எஞ்சியுள்ள கட்டடங்களுள் மிகப் பழமையானது. ஏழைகளுக்குத் தம் கையாலேயே உணவளித்தவர் அவ்வரசி என்பர். உள்ளே இடம் மிகக் குறுகல். கூட்டம் சேருமுன், காலையிலேயே செல்வது நலம்.