வீட்டுக் கணினியும் பொதுக் கோப்புறையும்

பட்டா நகல், வரி ரசீது, கூலிக் கணக்கு, நெல் விற்ற சீட்டு முதலியன இக்காலத்தில் அநேக விவசாயக் குடும்பங்களிற் கணினியிலேயே வைக்கப்படுகின்றன. ஒரே வீட்டில் இரண்டு கணினிகள் இருக்குமிடத்து, ஒன்றில் எழுதிய கணக்கை மற்றொன்றிற் காண்பதற்குப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு அறைக்கு அறை நடப்பதே வழக்கமாயிருக்கிறது. இதனால் விளையும் கேடு யாதெனில், ஒரு கணக்குக்கு மூன்று நகல்கள் உண்டாகி, கடைசியாகத் திருத்தப்பட்டது எதுவென்று ஒருவருக்கும் தெரியாமற் போவதேயாம். இக்குறையைப் போக்கவல்லது பொதுக் கோப்புறை. கோப்புகளை ஒரு கணினியில் வைத்து, வீட்டிலுள்ள ஏனைய கணினிகளிலிருந்து திறந்து பார்ப்பதே இம்முறை. வீட்டில் ரௌட்டர் இருந்தாற் போதும், வேறு செலவில்லை. இணையம் தடைப்பட்ட நாளிலும் ரௌட்டருக்கு மின்சாரம் உள்ளவரை இது நடைபெறும்.

ஏற்பாடு செய்யும் விதம்

முதலாவது, இரண்டு கணினிகளும் ஒரே ரௌட்டருடன் இணைந்திருத்தல் வேண்டும். விருந்தினருக்கென ஒதுக்கிய வைஃபையில் ஒன்றை இணைத்தால், பெரும்பாலும் ஒன்றையொன்று காணா. இரண்டாவது, விண்டோஸ் அமைப்புகளில் வீட்டு இணைப்பைப் 'பிரைவேட்' என்று குறித்து, கோப்புப் பகிர்வை அனுமதிக்க வேண்டும். மூன்றாவது, கணக்குகள் உள்ள கோப்புறையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'பிராபர்டீஸ்' என்பதில் 'ஷேரிங்' பகுதியைத் திறந்து, எவரெவர் அதனைத் திறக்கலாம் என்று பெயர் குறிக்க வேண்டும்.

மற்றக் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இரண்டு பின்சாய்கோடுகளும் முதற் கணினியின் பெயரும் இட்டால் கோப்புறை தோன்றும். பெயர் பலிக்காவிடில் \\192.168.1.10 என்பதுபோல அக்கணினியின் எண் முகவரியை இடலாம். இவ்வெண் ரௌட்டரால் வழங்கப்படுவது, ஆகையால் மாறக்கூடும். ரௌட்டரிலேயே அதனை நிலையாக ஒதுக்கிவைப்பது நலம். 'மேப் நெட்வொர்க் டிரைவ்' என்பதனால் ஓர் எழுத்தைக் குறித்துவிட்டால், நாள்தோறும் முகவரி எழுத வேண்டுவதில்லை.

இரண்டு இடங்களிற் பலர் தடுமாறுகின்றனர். கணினியைத் திறக்க வழங்கும் நான்கிலக்க 'பின்' எண் இங்குச் செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லே வேண்டும். அன்றியும், கோப்புறை உள்ள கணினி உறங்கிவிட்டால் அக்கோப்புறை எவருக்கும் கிடையாது.

சாவி யாரிடம் இருத்தல் வேண்டும்?

பத்தாயத்தைக் காண்பவர் பலர். நெல் அளப்பவர் ஒருவரே. கோப்புறையும் அவ்வாறே. பார்க்கும் உரிமை வேறு, திருத்தும் உரிமை வேறு. கணக்கு எழுதுபவருக்கு மாத்திரம் திருத்தும் உரிமையும், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமையும் அளித்தல் தக்கது. 'எவ்ரிஒன்', அதாவது எல்லோரும், என்று குறித்து முழு உரிமை கொடுப்பது கதவைத் திறந்துவிட்டு உறங்குவதை ஒக்கும். கிராம அதிகாரிகள் அலுவலகப் பதிவேடுகளை மேலதிகாரியின் அனுமதியின்றி வீட்டுக் கோப்புறையில் வைத்தலாகாது.

பழைய வாயிலால் வந்த கேடு

கோப்புகளைப் பகிரும் இம்முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதனை வகுத்தார். 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய 'சம்பா' என்னும் இலவச மென்பொருளால் லினக்ஸ் கணினிகளும் இம்முறையிற் சேர இயன்றது. ஆயினும் இதன் முதற் பதிப்பில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. அதனை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14-இல் வெளியிட்டது. அதனை இட்டுக்கொள்ளாத கணினிகளில் மே 12-இல் 'வானாக்ரை' என்னும் தீநிரல் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. சுமார் 150 தேசங்களில் அது பரவிற்று. இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டு, 6,900-க்கு மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் ரத்தாயின. கரை உடைந்திருப்பதை அறிந்தும் அடைக்காதவன் வெள்ளத்தை நொந்து பயனென்ன?

2017-க்குப் பின் வந்த விண்டோஸ் பதிப்புகளில் அம்முதற் பதிப்பு பெரும்பாலும் தானாக நிறுவப்படுவதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் திருத்தப் பதிப்பு இன்னும் கண்டிப்பானது. ஆகையாற் பழைய சேமிப்புப் பெட்டி வைத்திருப்போர், நேற்றுவரை திறந்த கோப்புறை இன்று திறக்கவில்லையே என்று திகைக்கக்கூடும். அப்போது சிலர் பழைய பதிப்பை மீண்டும் இயக்கச் சொல்வர். அந்த யோசனையைக் கேட்கலாகாது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, பெயரும் கடவுச்சொல்லும் ஏற்படுத்துவதே முறை. அதற்கும் இணங்காத பெட்டியை மாற்றிவிடுவது மேல். இம்முறை பயன்படுத்தும் 445-ஆம் எண் வாயிலை ரௌட்டரில் வெளியுலகுக்கு ஒருபோதும் திறத்தலாகாது.

பொதுக் கோப்புறை காப்பு நகலாகாது

கோப்புறையைப் பல கணினிகள் காணினும், கோப்பு ஒன்றே. ஒரு கணினியில் தீநிரல் புகுந்தால், அதற்குத் திருத்தும் உரிமையுள்ள பொதுக் கோப்புறையும் கெடும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அவ்வட்டைக் கணினியினின்றும் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். விதை நெல்லைத் தனியே கட்டிவைக்கும் குடும்பத்தாருக்கு இதன் அவசியத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.