மசோதாவை அச்சிடவே விடாத மேலவை

டப்ளின் நகரில் லென்ஸ்டர் இல்லத்தில் கூடும் அயர்லாந்து மேலவைக்கு ஷானட் என்று பெயர். உறுப்பினர்கள் 60 பேர். அவர்களில் 11 பேரைப் பிரதமரே நியமிப்பதால், அங்கே அரசை எதிர்த்து வெல்வது அரிது. ஆறு இடங்கள் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பவை. டிரினிட்டி கல்லூரிப் பட்டதாரிகளின் வாக்கில் 1969-இல் சுயேச்சையாக வென்றவர், 25 வயது வழக்கறிஞர் மேரி ராபின்சன்.

கருத்தடைச் சாதனங்களை விற்கவும் இறக்குமதி செய்யவும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருந்தது. அதைத் தளர்த்த 1971-இல் ராபின்சனும் வேறு இரு உறுப்பினர்களும் ஒரு மசோதா கொண்டுவந்தனர். முதல் வாசிப்பு என்பது பெரும்பாலும் வெறும் சம்பிரதாயம். அது முடிந்தால்தான் மசோதா அச்சாகும். அந்த அனுமதியையும் அவை மறுத்தது. எதிர்ப்பவர்கள் படித்துப் பார்க்கக்கூட மசோதாவின் வாசகம் வெளிவரவில்லை என்பதுதான் விந்தை. அதே ஆண்டு மே மாதம், டப்ளின் பெண்கள் சிலர் ரயிலேறி, இந்தத் தடை இல்லாத வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் சென்று, கருத்தடைச் சாதனங்களை வாங்கிவந்து சுங்க அதிகாரிகள் முன்னிலையிலேயே எடுத்துக் காட்டினர்.

அவை மூடிய கதவை நீதிமன்றம் சற்றே திறந்தது. தம்பதியரின் அந்தரங்க உரிமையை 1973-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1979-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் சீட்டுடன் விற்பனையை அனுமதித்தது. 1985-இல் பெரியவர்கள் ஆணுறை வாங்க அந்தச் சீட்டும் தேவையில்லை என்றானது.

மேரி ராபின்சன் 1990-இல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரானார்.